மேன்மைக் கழகத்தின் மேக்

ஊரக எண்முறை மேன்மைக் கழகத்தின் மேலாண் இயக்குநர் அரிகரன், வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் ஐந்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பிய திங்கட்கிழமையே ஊழியர் கூட்டம் கூட்டினார். பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. பயிற்சி நடந்த கட்டடத்தின் வரவேற்பறையில் வெள்ளை வெளேரென்று ஆறு மேக் கணினிகள் வரிசையாக இருந்ததும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஆப்பிள் படம் இருந்ததும், அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்காகவும் எழுந்திருக்காததும் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

“அதுதான் மேன்மை. நாமும் மேக் ஆக வேண்டும்,” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேக் என்றால் என்ன என்று தெரிந்த ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

கழகம் வில்லியனூரில் ரயிலடிக்குப் போகும் வழியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களை எண்முறை வழியில் மேன்மைப்படுத்துவது அதன் நோக்கம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அங்கே நடந்த வேலை ஒன்றே ஒன்று. மேலிடத்தில் ஒப்புதலான இருப்பிடச் சான்றுகளை அச்சடித்து, முத்திரை குத்தி, கேட்டு வந்தவர் கையில் கொடுப்பது. அதைச் செய்தவள் சிந்தாமணி. மற்ற பதினான்கு பேரும் அதைக் கண்காணித்தார்கள்.

சிந்தாமணிக்கு முப்பத்தாறு வயது. சுத்துக்கேணியிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்க வைத்ததில் கணினிப் பட்டயம் வாங்கியவள். கழகத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆனால் வவுச்சர் ஊழியர். மாதக் கடைசியில் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொள்ள வேண்டும். நிரந்தரம் செய்கிறோம் என்று மூன்று இயக்குநர்கள் அவளிடம் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அரிகரன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தலைமை எழுத்தர் சாமிநாதன் கையில் விதிப் புத்தகத்துடன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

“புதுசா மேக் வாங்க விதியில இடமில்லை. இருக்கிற கணினியைத் திருத்தி அமைக்க இடமிருக்கு. அதனால உன் கணினியை மேக்கா மாத்திடு,” என்றார் அரிகரன்.

“சார், மேக்குன்றது அந்தக் கம்பெனியே செஞ்சு விக்கிற பொட்டி. நம்மளுது மதகடிப்பட்டுல பார்ட்ஸ் வாங்கி சேத்தது.”

“முடியாதுங்கிறியா?”

“முடியும் சார். போர்டு, கிராபிக்ஸ் கார்டெல்லாம் ஒத்துவர்றதா பாத்து மாத்துனா, மேக் ஓஎஸ்ஸை, அதான் அதோட இயங்குதளத்தை, இதுல ஓட வைக்கலாம். வெளியில ஆசைக்குப் பண்றாங்க. ஆனா மூணு விசயம் இருக்குது. ஒண்ணு, அந்த ஓஎஸ்ஸை அவங்க பொட்டியில மட்டும்தான் போடணும்னு உரிமத்துலயே எழுதியிருக்குது. ரெண்டு, நம்ம சான்றிதழ் மென்பொருள் அதுல தொறக்காது. மூணு, அப்டேட் பண்ணச் சொல்லிக் கேட்டா பண்ணவே கூடாது. பண்ணா பொட்டி எழுந்துக்காது.”

அரிகரன் பொறுமையாகக் கேட்டார். “நல்லது. மூணையும் எழுத்து மூலமா கொடு.”

அவள் எழுதிக் கொடுத்தாள். சாமிநாதன் அதை வாங்கித் தேதி முத்திரை குத்தி, மேஜைமேல் இருந்த பாராட்டுக் கடிதங்கள் கோப்பில் சேர்த்தார்.

“எதிர்மறைக் கடிதத்துக்கு நம்மகிட்ட தனிக் கோப்பு கெடையாதும்மா,” என்றார்.

“இதை முடிச்சுக் கொடு. உன் நிரந்தரத்துக்கு நானே எழுதறேன்,” என்றார் அரிகரன். நான்காவது முறையாக அதைக் கேட்ட சிந்தாமணி, நான்காவது முறையாக நம்பினாள்.

பாகங்கள் வாங்குவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. சிந்தாமணி எழுதிய பட்டியலைக் குழு முதல் வரியிலேயே நிறுத்தியது.

“மதர்போர்டுன்னு எழுதியிருக்கீங்க. போர்டுன்னா வாரியம். வாரியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் வேணும்,” என்றார் சாமிநாதன்.

“சார், இது பச்சையா ஒரு தகடு. உள்ள இருக்கும்.”

“உள்ள இருக்கிற வாரியத்துக்கும் அதே விதிதான்.”

அந்த வாரியம் வராமலே பத்து நாள் போனது. கடைசியில் ‘கணினி உள்பலகை (மரம் அல்லாதது)’ என்று எழுதி ஒப்புதல் வாங்கினார்கள். அடுத்த வரியில் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. குழுவில் நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்தக் கார்டு செவப்பா, மஞ்சளா?” என்று கேட்டார். அவர் முன்பு ரேஷன் அட்டைப் பிரிவில் இருந்தவர். கறுப்பு என்று சிந்தாமணி சொன்னதும், அப்படி ஒரு பிரிவே அரசில் இல்லையே என்று அவர் எழுதிவைத்த குறிப்பைத் தீர்க்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

மதகடிப்பட்டுக் கடைக்காரர் நாகராஜன் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“எதுக்கும்மா ‘மரம் அல்லாதது’ன்னு போட்டிருக்கு?”

“குடுங்கண்ணே. எழுதுனவங்களுக்கு அது தேவைப்படுது.”

பாகங்கள் வந்த பிறகு சிந்தாமணி பெட்டியைத் திறந்தாள். பழைய பலகையைக் கழற்றிப் புதியதைத் திருகினாள். கிராபிக்ஸ் கார்டைச் செருகினாள். சான்றிதழ் மென்பொருள் இருந்த பழைய டிஸ்க்கை அழிக்க மனமில்லாமல், கேபிளை மட்டும் உருவிவிட்டு உள்ளேயே ஓர் ஓரத்தில் விட்டுவைத்தாள். புதிய டிஸ்க்கில் மேக்கை ஏற்ற ஆரம்பித்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கி, பாதியில் நின்றன. உலகத்தின் எந்த மூலையிலோ இதே பலகையை வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்கள் இணையத்தில் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடிப் படித்தாள். ஒரு வரியை மாற்றினாள். மறுபடி நின்றது. இன்னொரு வரியை மாற்றினாள். நின்ற இடம் நாலு வரி தள்ளிப் போயிருந்தது. அந்த நாலு வரிக்காக அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்துபோனாள்.

எட்டாம் நாள் மதியம் திரையின் நடுவில் ஆப்பிள் வந்தது. அதன்கீழ் ஒரு கோடு மெதுவாக நிரம்பியது. பிறகு ஒரு மலை, ஒரு ஏரி, கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். சத்தம் வரவில்லை, தூங்கப்போனால் எழுப்புவது கஷ்டம். இருந்தாலும் ஓடியது. சிந்தாமணி நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சான்றிதழ் அச்சடிப்பதற்கு அப்பால் தனக்கு ஏதாவது தெரியுமா என்று பதினோரு வருடத்தில் அங்கே யாரும் கேட்டதில்லை. தெரியும் என்று அன்றைக்கு அவளுக்கே தெரிந்தது.

அரிகரன் வந்து பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தார்.

“ஆப்பிள் எங்கே?”

“ஸ்க்ரீன்ல வரும் சார், ஆன் பண்ணும்போது.”

“பாக்கிறவங்களுக்காக எத்தனை தடவை ஆன் பண்ணுவ? பொட்டியில இருக்கணும்.”

ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று முடிவாகி, அதற்கும் கூட்டம் போட்டார்கள். யாரோ கடித்த பழத்தை அரசு சார்ந்த அலுவலகத்தில் ஒட்டுவது மாண்புக்கு உகந்ததா என்ற கேள்வி எழுந்தது. கடித்தது யார் என்ற பொறுப்பை நிர்ணயிக்காமல் ஒட்டினால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது என்றார் சாமிநாதன். முழுப் பழம் ஒட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பால்வாடிக் குழந்தைகளுக்கு விற்கும் பழப்பட அட்டையிலிருந்து, காம்பும் இலையுமாகச் சிவந்த ஆப்பிள் ஒன்று வெட்டி ஒட்டப்பட்டது.

பெட்டிக்கு ஏசி வைத்த தனி அறை கொடுத்தார்கள். கதவுக்கு நீலத் திரைச்சீலை போட்டார்கள். சிந்தாமணியின் மேஜை வெளியே வராந்தாவுக்கு வந்தது. சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: ‘மேன்மைப் பணிகள் நடைபெறுவதால் சான்றிதழ் வழங்கல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

முதல் வாரம் தினமும் நாற்பது பேர் வந்தார்கள். அறிவிப்பைப் படித்தார்கள், கொஞ்சம் நின்றார்கள், போனார்கள். இரண்டாம் வாரம் பத்துப் பேர். மூன்றாம் வாரம் ஒருவர் மட்டும் விடாமல் வந்தார். பன்னித்திட்டைச் சேர்ந்த காசம்மாள். கரையில் மீன் எடுத்து ஊர் ஊராய் விற்கிறவர். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அந்த இடம் உறுதி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

“எத்தினி தபா வர்றது தாயி? ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். கூடையை அப்படியே போட்டுட்டு வர்றேன்,” என்றார்.

“உங்க பொண்ணு பேருக்கு ஒப்புதல் வந்து பத்து நாளாச்சுக்கா. அச்சடிக்கத்தான் மெசினு இல்ல.”

“உள்ள ஏசியில கீதே, அது இன்னா?”

“அது பாக்கறதுக்குக்கா.”

காசம்மாள் திரைச்சீலையை விலக்கி உள்ளே பார்த்தார். சிவந்த ஆப்பிள் ஒட்டிய பெட்டி குளிரில் சும்மா நின்றிருந்தது. “செத்தவங்களைத்தான் இப்படி ஐஸ் பொட்டியில வெச்சு மாலை போடுவாங்க,” என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார்.

சிந்தாமணி அன்றே அரிகரனிடம் போனாள். பழைய டிஸ்க்கை அரைமணி நேரம் மாட்ட அனுமதி கேட்டாள். அவர் காது கொடுக்கவில்லை. அவர் கையில் அதைவிட முக்கியமான கோப்பு இருந்தது. காலையில் மேக்கின் திரை மூலையில், புதிய பதிப்பு வந்திருக்கிறது, தரம் உயர்த்திக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதை அவர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

“சார், அதைத் தொடாதீங்க. அப்பவே எழுதிக் கொடுத்தேன்.”

“எந்தக் கோப்புல?”

“பாராட்டுக் கோப்புல.”

“பாராட்டுதானே? அப்புறம் என்ன?”

‘கணினி தரம் உயர்வு’ என்று தலைப்பிட்ட கோப்பு சாமிநாதனிடம் போனது. அவர் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கடுமையான ஆட்சேபம் எழுதினார். தரம் உயர்வு பணிமூப்பு அடிப்படையில்தான் தரப்பட வேண்டும். கிடங்கில் உள்ள நான்கு கணினிகள் இதைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவை. அவை இருக்க, நேற்று வந்த கணினிக்கு எப்படி உயர்வு? நான்கில் இரண்டுக்குத் திரை கிடையாது, ஒன்றில் எலி குடியிருந்தது. ஆனாலும் விதி விதிதான். மூத்த கணினிகள் தங்கள் உரிமையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தால் தடையில்லை என்று வழி கண்டுபிடித்தார்கள். நான்கு விடுவிப்புக் கடிதங்கள் தயாராயின. கணினிகளின் சார்பில் சாமிநாதனே கையெழுத்துப் போட்டார். எலியின் கணினிக்காகப் போடும்போது மட்டும் அது சுயநினைவுடன் இல்லை என்று நேர்மையாகக் குறிப்பெழுதினார்.

தரம் உயர்வு விழா வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு. தலைமையகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். சால்வை, குத்துவிளக்கு எல்லாம் இருந்தது. வராந்தாப் படியில் காசம்மாளும் மகள் தேவியும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். விழாவுக்கு வந்த பொதுமக்கள் என்று அவர்களையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்தார்கள்.

அரிகரன் பேசினார்.

“முப்பது வருட அரசுப் பணியில் நான் எந்தக் கணினியையும் தொட்டதில்லை. என் கை அவ்வளவு சுத்தம். இன்றுதான் முதன்முதலாகத் தொடப்போகிறேன். மேக் வருவதற்கு முன்னால் இந்தக் கழகத்துக்குத் தினமும் நாற்பது பேர் குறையோடு வந்தார்கள். இன்றைக்குப் பாருங்கள், இரண்டே பேர். மீதி முப்பத்தெட்டுப் பேரின் குறை என்ன ஆனது? தீர்ந்துவிட்டது! தீராவிட்டால் வந்திருக்க மாட்டார்களா? சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அந்தத் தொல்லையை வேரோடு நீக்கியதுதான் எங்கள் சாதனை.”

தலைமையகத்தினர் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் இதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார்.

சிந்தாமணி கடைசியாக ஒருமுறை குனிந்து, “சார், வேணாம் சார்,” என்றாள். அரிகரன் சுட்டுவிரலை உயர்த்தி எல்லோருக்கும் காட்டிவிட்டு அழுத்தினார்.

கோடு நிரம்பியது. பெட்டி அணைந்து மறுபடி உயிர் வந்தது. வெள்ளை எழுத்துகள் இறங்கின, நின்றன. பிறகு திரை கறுத்தது. கை தட்டல் எழுந்து, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வெகுநேரம் நீடித்தது.

“திரையில் ஒன்றும் தெரியவில்லையே,” என்றார் குறிப்பெடுத்தவர்.

“பழைய பதிப்பில் படங்கள் அதிகம். கவனம் சிதறும். புதிய பதிப்பில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள்,” என்றார் அரிகரன். வந்தவர்கள் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, உரக்கடைக்குப் பின்னால் போட்டிருந்த பந்தலில் பிரியாணி சாப்பிட இறங்கினார்கள்.

மணி ஒன்று. சிந்தாமணி திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குள் போனாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். புதிய டிஸ்க்கின் கேபிளை உருவி, ஓரத்தில் கிடந்த பழைய டிஸ்க்கில் சொருகினாள். பலகை மாறியிருந்ததால் பழைய ஓஎஸ் முதலில் முரண்டு பிடித்தது. இரண்டு தடவை தானாக அணைந்து எழுந்தது. மூன்றாவது தடவை பழைய நீலத் திரை வந்தது. சான்றிதழ் மென்பொருள் திறந்தது. தேவியின் பெயரைத் தட்டினாள். வெளியே பிரிண்டர் பல வாரத் தூக்கத்திலிருந்து எழுந்து கரகரத்தது.

முத்திரை சாமிநாதன் சட்டைப் பையில் இருந்தது. சிந்தாமணியும் காசம்மாளும் தாளோடு பந்தலுக்கு இறங்கினார்கள். அவர் இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“சான்றிதழ் வழங்கலை நிறுத்தி வெச்சிருக்கோம். அறிவிப்பு ஒட்டியிருக்குதே, பாக்கலியா? அது அங்க இருக்கிற வரைக்கும் நான் சீல் குத்த முடியாது.”

காசம்மாள் மாடி ஏறினார். திரும்பி வந்தபோது கையில் சுவரின் சுண்ணாம்போடு சேர்த்துக் கிழித்த அறிவிப்பு இருந்தது. அதைச் சாமிநாதனின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இப்ப இல்ல. குத்துறியா, மேலேர்ந்து வந்திருக்காங்களே பெரிய ஆபீசருங்க, அவங்களாண்ட இதைக் காட்டட்டுமா?”

சாமிநாதன் இடது கையால் முத்திரையை எடுத்துக் குத்தினார். தாயும் மகளும் ரயிலடிப் பக்கம் ஓடிப் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தார்கள். நாலரைக்குச் சான்றைச் சேர்த்துவிட்டதாக தேவி போனில் சொன்னபோது, சிந்தாமணி ஏசி அறையில் அடுத்த சான்றை அச்சடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களை வழியனுப்பிவிட்டு அரிகரன் ஏப்பத்தோடு மேலே வந்தார். கணினியின் நீலத் திரையைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார், பூரித்துப்போனார்.

“பாத்தியா? தரம் உயர்ந்ததும் சான்றிதழே கொடுக்குது!”

“சார், இது பழைய டிஸ்க்கு. மேக் போயிடுச்சு. நீங்க அழுத்துனதுமே போயிடுச்சு.”

“உனக்குப் பொறாமை,” என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து அவளை மறுபடி அறைக்கு அழைத்தார்கள். மாநில அளவில் மேன்மை விருதுக்கு அரிகரன் விண்ணப்பிக்கிறார். படிவத்தின் ஏழாவது கேள்வி: ‘நவீனமயத்தால் குறைக்கப்பட்ட ஆட்கள் எத்தனை? ஆணை நகல் இணைக்கவும்.’

“மேக் வந்துட்டதால ஆபரேட்டர் தேவையில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்,” என்றார்.

“நிரந்தரத்துக்கு எழுதறேன்னீங்களே சார்.”

“எழுதினேனே. கணினி இப்ப நிரந்தரச் சொத்துப் பதிவேட்டுல இருக்கு.”

“நான் பதினோரு வருசம் வேலை பாத்திருக்கேன்.”

“பாத்ததுக்கு இன்னா ஆதாரம்?” என்றார் சாமிநாதன், குரலைத் தாழ்த்தாமல். “வவுச்சர்ல ‘இதர செலவு’ன்னுதான் இருக்குது. உன் பேரு எந்தக் காகிதத்துலயும் கெடையாது. சார், வாயால சொல்லி அனுப்பிட்டாப் போதும். ஆணையெல்லாம் வேணாம்.”

“ஏழாவது கேள்விக்கு என்ன இணைக்கிறது?” என்று எரிந்து விழுந்தார் அரிகரன். பிறகு சிந்தாமணியைப் பார்த்து, “நீயே அடிச்சுக் கொண்டா,” என்றார். அடிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை.

அவள் ஏசி அறைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடிக்க ஆரம்பித்தாள். ‘இக்கழகத்தில் கடந்த பதினோரு ஆண்டுகளாக இடைவெளியின்றி, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை முழுநேரமாக, இருப்பிடச் சான்று வழங்கும் நிலையான பணியை ஒருவராகவே செய்துவந்த ந. சிந்தாமணி அவர்களின் பணி, முன்னறிவிப்பு ஏதுமின்றி இன்று முதல் நிறுத்தப்படுகிறது.’

சாமிநாதன் வழக்கம்போலத் தலைப்பையும் கோப்பு எண்ணையும் சரிபார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. அரிகரன் முழுவதும் படித்தார். அவருக்கு ஒரு சொல்தான் பிடிக்கவில்லை. ‘நிறுத்தப்படுகிறது’ என்பதை அடித்துவிட்டு ‘மேன்மையுடன் நிறைவு செய்யப்படுகிறது’ என்று திருத்தினார். அவள் திருத்தி மூன்று பிரதி எடுத்தாள். மூன்றிலும் அவர் முழுக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது. தன் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிந்தாமணி படி இறங்கினாள்.

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல் சாமிக்கண்ணு அதை மூன்று முறை படித்தார். பதினெட்டு வருடமாக வவுச்சர் ஊழியர்களுக்காக வாதாடுகிறவர். ஒரு வரி ஆதாரம் கிடைக்காமல் தோற்ற வழக்குகள் அவர் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. தாளை மேஜைமேல் மெதுவாக வைத்தார், கசங்கிவிடக் கூடாது என்பதுபோல.

“எம்மா, இதை யாரு எழுதனது?”

“நான்தான் சார்,” என்றாள் சிந்தாமணி. “கையெழுத்து அவருது.”